சாப்ட்வேருக்கு நாங்கள் போட்ட மார்க்

தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்தார்கள். காய்ச்சலுக்கு நீங்கள் குடித்த சிரப்பின் வெள்ளை மூடி எங்கள் மூடியாகவும் இருந்திருக்கலாம். பத்தாவது முடித்த கையோடு அங்கே பேக்கிங் ஹாலில் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்றபடியே மூடிகளைப் பையில் கொட்டி, பையைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டும் வேலை. சில வருஷம் கழித்து, என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு ஃபேன். அந்த நாற்காலி கிடைத்த பிறகுதான் உங்கள் அம்மா வீட்டுக்குப் பெண் கேட்டுப் போக எனக்குத் தைரியமே வந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த மனுஷர்கள் மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்து ஏன் அப்படி நடுங்கினோம் என்று நீங்கள் சிரிக்கக் கூடாது இல்லையா.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனியாகக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளியும் ஏற்ற நினைத்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டு வழக்கத்தில் முதலாளி ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டால் "போன்" என்பார். பிரெஞ்சில் அதற்கு, சரி, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒரு நாள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். பில் போடும் அக்கா, லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்த முஸ்லிம் பாய், நான்.

"ரெண்டு கம்பெனிக்காரன் சாப்ட்வேர் குடுத்துட்டுப் போயிருக்கான். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எது நல்லாருக்கோ அத வாங்கப் போறேன். கத்துக்க முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க, பேக்கிங்ல ஆள் பத்தல. போன்."

அவர் கெட்டவர் இல்லை. மிரட்டவும் இல்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். ஆனால் படியிறங்கும்போது என் கண் நேராகப் பேக்கிங் ஹாலுக்குத்தான் போனது. அங்கே நாற்காலி கிடையாது.

இரண்டு சாப்ட்வேருக்கும் பெரிய பெரிய இங்கிலீஷ் பேர். பாய் அதை வாயில் நுழைக்கப் பார்த்து, விட்டுவிட்டார். சென்னையிலிருந்து வந்தது கலர் கலராக, வட்டப் படம், கட்டப் படம் எல்லாம் போட்டு மினுக்கியது. அதற்குப் பாய் மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். உள்ளூர்ப் பையன்கள் செய்தது சாம்பல் நிறத்தில், எழுத்தும் கோடுமாக உம்மென்று இருந்தது. அது கணக்குப்பிள்ளை.

முதல் வாரம் மாப்பிள்ளை. அவரோடு குடித்தனம் நடத்துவது லேசாக இல்லை. ஒரு பெட்டி மூடியை டெஸ்பாட்சுக்குக் கொடுக்க ஒரு ஜன்னல் திறக்க வேண்டும், அதற்குள் இன்னொரு ஜன்னல், அதற்குள் ஒன்று. ஏதாவது விட்டுப்போனால் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வரும். என்ன விட்டுப்போனது என்று சொல்லாது. தப்பு என்று மட்டும் சொல்லும். கூடவே ஸ்பீக்கரில் "டொங்" என்று ஒரு சத்தம். கோவில் மணி தோற்றுவிடும். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"யாரு வீட்டுல பூஜை?" என்பார் பாய்.

அவர் மேசையிலேயே டொங் அடித்தால், "இன்னா பாய், உங்க பக்கம் மணி அடிக்க மாட்டாங்களே" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். சிரிப்போம். சிரித்துவிட்டு அவரவர் ஓரக்கண்ணால் முதலாளியின் அறைக் கதவைப் பார்த்துக்கொள்வோம். இரண்டாவது நாளே ஸ்பீக்கர் வாயடைத்துப் போனது.

அடுத்த வாரம் கணக்குப்பிள்ளை வந்தார். அந்த வாரக் கடைசியில்தான் ஒரு கல்லூரிப் பெண்ணும் வந்தாள். கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். முதலாளிக்குத் தெரிந்த குடும்பம். இரண்டு சாப்ட்வேரை உபயோகிப்பவர்களுக்கு எது எவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறது என்று அளந்து ஒப்பிடுவதுதான் அவளுடைய புராஜெக்ட். பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்து, முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று.

தாளில் பத்து வாக்கியம். 'இதைத் தினமும் உபயோகிக்க எனக்கு இஷ்டம்.' 'எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.' 'பக்கத்தில் ஆள் இருந்தால்தான் என்னால் இதைச் செய்ய முடியும்.' இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஐந்து கட்டம். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்பதற்கு ஒன்று, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதற்கு ஐந்து. நடுவில் உள்ளதெல்லாம் நடுவில். தாளின் தலையில் பெயர், வேலை, சேர்ந்த வருஷம்.

'பக்கத்தில் ஆள் இருந்தால்தான்' என்ற வாக்கியத்தைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மேலே என் பெயர் இருக்கிறது. கீழே இந்த வாக்கியம். இதற்கு ஆமாம் என்று போடுவதும், முதலாளியிடம் போய் "சார், என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிடுங்க" என்று சொல்வதும் ஒன்றுதானே. ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று போட்டேன். தேடுகிறேனா? இல்லவே இல்லை. இஷ்டமா? கொள்ளை இஷ்டம். மாப்பிள்ளைக்கும் அப்படியே, கணக்குப்பிள்ளைக்கும் அப்படியே. எதிரில் அக்காவும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பாய் மட்டும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். நல்ல வாக்கியத்துக்கும் ஐந்து, குறை சொல்லும் வாக்கியத்துக்கும் ஐந்து. கேட்டதற்கு, "பாவம், வெயில்ல வந்துருக்கு பொண்ணு. நாலு போட்டா மனசு கஷ்டப்படாது?" என்றார்.

அவள் தாள்களை வாங்கி, மடியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணா, ரெண்டு சாப்ட்வேரும் இரட்டப் பிள்ளைங்களா? ஒரு மார்க்குகூட வித்தியாசம் இல்லியே."

நாங்கள் அவரவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் முழுக்க என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். கை எங்கே தயங்குகிறது, கண் எங்கே அலைகிறது என்று பார்த்தாள். ஒரு பட்டனைத் தேடி நான் திரையெல்லாம் சுற்றியபோது உதவிக்கு வரவில்லை, சிரிக்கவும் இல்லை. திடீரென்று குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் வயர யாரு கழட்டுனது?"

"எலி" என்றார் பாய், தலையைத் தூக்காமல்.

"எலி வயர அழகா சுத்தி, ரப்பர் பேண்டு வேற போட்டு வெச்சிருக்கு பாய்."

அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று கண் கலங்கிவிட்டார். டீ வந்த நேரம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார்.

"தெரியலன்னு எப்டிம்மா எழுதுவோம்? முடியாதவங்க பேக்கிங்குக்குப் போணும்னு சார் சொல்லிட்டாரு. எனக்குக் கால் நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்குது. நின்னா வீங்கிடும். இவருக்கு இப்பதான் குழந்த பொறந்திருக்குது. நீ மார்க் ஷீட்ட நீட்டுற."

அந்தக் குழந்தை உங்களில் மூத்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த விஷயமே தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் அவளை நான் உங்களுக்குக் காட்ட நினைக்கிறேன். அவளுடைய புராஜெக்ட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் நாங்கள் நிரப்பிய தாள்கள் இருந்தன. அவற்றைக் கூட்டி, வகுத்து, படம் போட்டு, இரண்டும் சமம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவள் கல்லூரியில் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அந்தத் தாள்களை எங்கள் முன்னாலேயே நான்காகக் கிழித்தாள்.

"தப்பு என்னுது அக்கா. பேர் எழுதுற எடம் நான் போட்டுருக்கவே கூடாது. அண்ணா, ஒண்ணு சொல்றேன், நம்புங்க. இது உங்களுக்குப் போடுற மார்க் இல்ல. நீங்க அதுக்குப் போடுற மார்க்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். "நீங்க தேடினீங்கன்னா உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம் இல்ல. அவன் தெரியற எடத்துல வெக்கலன்னு அர்த்தம்."

படித்த காலம் முழுக்க மார்க் என்றால் எனக்கு யாரோ போடுவது. நான் போடுவது என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதுசு. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

புதுத் தாளில் பெயர் இல்லை, சேர்ந்த வருஷம் இல்லை. எழுதி மடித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். நாங்கள் எழுதும் நேரம் முதலாளி அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் துணிச்சலைப் பார்த்து பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இன்னொரு விஷயமும் செய்தாள். இந்தத் தடவை ஓட்டிப் பார்க்க எனக்கு முதலில் கணக்குப்பிள்ளை, அக்காவுக்கு முதலில் மாப்பிள்ளை. எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டேன்.

"காபி குடிச்சிட்டு ஆரஞ்சு சாப்ட்டா ஆரஞ்சு புளிக்கும்ல அண்ணா? மொதல்ல எத சாப்ட்டோம்ங்கறது நாக்குல நிக்கும். அது ஆரஞ்சு மேல உள்ள குத்தம் இல்ல."

இவ்வளவு செய்தும் டின்னைத் திறந்தால் மார்க் கொஞ்சம்தான் மாறியிருந்தது. பயம் போனாலும் மரியாதை போகவில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று யார் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள்? வாசலைத் தாண்டித்தான் சொல்வார்கள். ஒரு பெண் மெனக்கெட்டு வந்து கேட்கிறாள், எப்படிக் குறை எழுதுவது என்று எனக்கும் கை வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "சரி, உங்களப் பத்தி வேணாம். பக்கத்து சீட்ல இருக்கறவங்க என்னா போடுவாங்கன்னு நெனைக்கிறீங்களோ, அத சத்தமா சொல்லுங்க."

அவ்வளவுதான். ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இவரா?" என்று பாய் என்னைக் காட்டினார். "மாப்பிள்ளைல சேவ் பட்டன இவரு தேடறத நீ பாக்கணும்மா. மசூதி வாசல்ல கூட்டத்துல நான் செருப்பு தேடறாப்ல தேடுவாரு. அதுக்குப் பக்கத்துலயே அழிக்கிற பட்டன வெச்சிருக்கான். போன வாரம் ஒரு முழு லோடு கணக்கையும் அழிச்சிட்டு, மூச்சு விடாம மொதல்லேர்ந்து அடிச்சாரு."

"நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். நீ சொல்லிக்கல, நானும் கேட்டுக்கல."

"பாய் மட்டும் யோக்கியமா?" என்றார் அக்கா. "தேதி அடிக்கிற எடத்துல மாசத்த முன்னாடி போடு, நாள பின்னாடி போடுன்னு அது கேக்குது. பாய் ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையோட மாமியா வீட்டுலேர்ந்து தாத்தா வரைக்கும் திட்டிட்டுத்தான் அடிக்கிறாரு."

"திட்டல. விசாரிச்சேன்."

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். சிவப்புப் பெட்டி வந்தால் அவர் எதையும் படிக்காமல் உடனே மூடிவிடுகிறார், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. ஆனால் பில் போடும்போது மட்டும் அவருக்கு மாப்பிள்ளைதான் பிடிக்கும், ஏனென்றால் அச்சடிப்பதற்கு முன்பு முழு பில்லையும் திரையில் காட்டுகிறது, கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அச்சடித்துவிடுகிறது. சொல்லி முடித்ததும் அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கரெக்ட்டா சொல்லுதே இது" என்றார்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். பேச்சு அடங்கியதும் திரும்ப ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் கையால் மறைக்கவில்லை. 'பக்கத்தில் ஆள் இருந்தால்தான்' என்ற வாக்கியத்துக்கு, மாப்பிள்ளையின் தாளில், நான் ஐந்து போட்டேன். பேனா அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்தது.

கூட்டிப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை நல்ல தூரம் முன்னால் நின்றார். பில் விஷயத்தில் மட்டும் பின்னால். மொத்தத்தைக் காட்டினால் போதாதா, அந்த ஒன்றை எதற்குத் தனியாக எழுதுகிறாய் என்று கேட்டேன். "அக்கா ஒருத்தங்கதான் பில் போடுறாங்க. மொத்தத்துல கரைச்சிட்டா அவங்க காணாமப் போயிடுவாங்க" என்றாள்.

மறுநாள் முதலாளி அறைக்குள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே வேலை செய்வது மாதிரி உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்கு மாப்பிள்ளையின் வட்டப் படங்கள் ரொம்பப் பிடித்திருந்தன. அது எங்களுக்கும் தெரியும்.

"யாரு முடியலன்னு எழுதியிருக்காங்க? அத சொல்லு மொதல்ல."

"பேரே இல்ல சார். என் கிட்ட இருக்கறது சாப்ட்வேரோட மார்க்கு மட்டும்தான்."

"எங்க ஆபீஸ் ஆளுங்களப் பத்தி எனக்கே சொல்ல மாட்டியா?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"சார், முடியாதவங்க பேக்கிங்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அதனால மொத தடவ எல்லாரும் ரெண்டுத்துக்கும் முழு மார்க் போட்டுட்டாங்க. அத நம்பி வாங்கியிருந்தீங்கன்னா, நஷ்டம் உங்களுக்கு. நீங்க வாரத்துல ஒரு நாள் அந்தப் படத்தப் பாப்பீங்க. அவங்க நாள் முழுக்க அதுக்குள்ள இருக்கணும்."

முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து போன அந்த நாலடி தூரத்தில் எனக்குப் பேக்கிங் ஹாலின் டேப் வாசனை வந்தது.

"நீ சொல்லுப்பா. உனக்கு எது வருது?"

தாளில் பெயர் இல்லை என்று அவள் காப்பாற்றிவிட்டாள். இப்போது பெயரும் நானும் நேரில் நிற்கிறோம். அவளைப் பார்த்தேன். அவள் தலையசைக்கவில்லை, கண் காட்டவில்லை. என்ன சொன்னாலும் அது உங்கள் மார்க் என்பது போல நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளை எனக்கு வரல சார்" என்றேன்.

"மாப்பிள்ளையா?"

வெளியே பாய் இருமினார். இருமல் இல்லை அது, சிரிப்பு. நான் கலர் கலராக இருக்கிற அந்தச் சென்னை சாப்ட்வேரைக் காட்டினேன். "சேவும் அழிக்கறதும் பக்கத்துல பக்கத்துல இருக்குது சார். ஒரு லோடு அழிச்சிட்டேன். இன்னொண்ணுல என்னா விட்டுப்போச்சுன்னு கீழ எழுத்துல சொல்லுது. பாத்து திருத்திக்கலாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டு" என்றார். எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டிலும் ஒரு பெட்டி மூடியை அனுப்ப வைத்தேன். கணக்குப்பிள்ளையில் சீக்கிரம் முடித்துவிட்டார். மாப்பிள்ளையில் சிவப்புப் பெட்டி வந்தது. என்ன விட்டுப்போனது என்று அவருக்கும் அது சொல்லவில்லை. அவர் திட்டவில்லை, வாயைக் குவித்து விசிலடிப்பது மாதிரி காற்றை ஊதினார்.

"பில்லு மேட்டர அந்தப் பசங்க கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க. சாம்பலையே வாங்கிடலாம். போன்."

பேக்கிங்கைப் பற்றி அவர் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அப்படியே காற்றோடு போயிற்று. நாங்கள் அவரவர் நாற்காலியில் இருந்தோம். எனக்கு அது போதும்.

அவள் அதன்பிறகு வரவில்லை. படிப்பு முடிந்து சென்னையில் வேலைக்குப் போய்விட்டதாக முதலாளி ஒரு முறை சொன்னார். என்னைவிட எத்தனையோ வயது சின்னவள். அவளுக்கு நான் சரியாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, கடைசி நாள் ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். அளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு போவார்கள். வந்த அளவு பொய் என்று தெரிந்தவுடன், பொய் சொன்னவர்களைக் கோபிக்காமல், ஏன் சொன்னார்கள் என்று யோசித்த ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். படித்தால் அப்படிப் படியுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல ஆசை.

சாம்பல் சாப்ட்வேர் வாங்கிய பிறகு ஒரு பில்லில் வரி தப்பாக விழுந்தது. செய்து கொடுத்த உள்ளூர்ப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் வராததுமாக, "யாரு தப்பா அடிச்சது?" என்றான்.

முன்பென்றால் மூன்று பேரும் கூரையைப் பார்த்திருப்போம். அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"நான்தான் அடிச்சேன். உன் திரை அங்கதான் அடிக்கச் சொல்லுச்சு. உக்காருப்பா, நீ ஒரு தடவ அடிச்சிப் பாரு."

அவன் உட்கார்ந்தான். அக்கா பக்கத்தில் நின்று, அவன் கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.